மாமி மா காயவைத்திருந்தால் இயக்க வேண்டாம்

காத்தான்குடியில் ஸுஹைனா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அடுத்த வீட்டில் கேட்டால் கொம்பியூட்டரில் கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள். மூலைக்கடையில் கேட்டால் வெள்ளைக்காரனுக்கு என்னவோ எழுதிக் கொடுக்கிறாள் என்பார்கள். பெற்ற தாய் ஆயிஷா உம்மாவைக் கேட்டால், வாயிலிருக்கும் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இரிக்கிறத எடுத்து, இரிக்கிறதுக்குள்ளேயே திருப்பி வெக்கிற வேல" என்பார். மூன்றிலும் உம்மா சொல்வதுதான் உண்மைக்குக் கிட்ட.

கொழும்பில் ஒரு கொம்பனி. நீர்ப்பம்பி, கை உழவு மிசின், நெல்லுக் குத்துகிற மிசின் என்று கமச்சாமான்கள் விற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு கைநூல் உண்டு. பழைய கைநூல்கள் எல்லாம் கட்டுரை நடையில், தொடங்கினால் மூச்சு விடாமல் ஓடுகிறவை. இப்போது கொம்பனிக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே விஷயம் அச்சிலும் வரவேண்டும், கைத்தொலைபேசியிலும் வரவேண்டும், மிசினின் வயிற்றில் ஒட்டுகிற சின்னத் தாளிலும் வரவேண்டும். ஆகவே கட்டுரையைப் பிரித்துப் பெட்டி பெட்டியாக வைக்கச் சொல்லிவிட்டார்கள். என்ன வேலை என்பதற்கு ஒரு பெட்டி. என்ன சாமான் தேவை என்பதற்கு ஒன்று. எச்சரிக்கைக்கு ஒன்று. பிறகு செய்யவேண்டியவை, ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒழுங்கு மாறக்கூடாது. ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தாலும் மென்பொருள் சிவப்புக் கோடு போட்டு, இதை ஏற்க முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படிப் பிரித்து வைப்பதுதான் ஸுஹைனாவின் வேலை. தன் வீட்டு முன்னறையில், தையல் மிசினுக்கும் அலுமாரிக்கும் நடுவில், மேசை போட்டுச் செய்கிறாள்.

இந்த வேலையால் அவளுக்கு ஒரு வியாதி வந்திருந்தது. யார் பேசினாலும் மனம் பெட்டி தேடத் தொடங்கிவிடும். உம்மாவின் பேச்சில் அது படாத பாடு படும். உம்மா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கச் சொல்வார், இறக்கிய பிறகு சுடும் என்பார், சுட்ட பிறகு பிடிதுணி எங்கே இருக்கிறது என்று சொல்வார். மூன்றும் இருக்கின்றன, ஒழுங்குதான் தலைகீழ்.

ஒழுங்கு தலைகீழாக எழுதுவதில் உம்மாவையும் வென்ற மனிதர் ஒருவர் இருந்தார். புளியந்தீவு நல்லரத்தினம் சேர். அரசாங்க உத்தியோகத்தில் நீர் இறைக்கிற இயந்திரங்களோடேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். கொம்பனியின் பழைய தமிழ்க் கைநூல்கள் முழுவதையும் எழுதியவர் அவர்தான். அவர் கையெழுத்துப் போடாமல் இன்றைக்கும் எந்தத் தமிழ்க் கைநூலும் வெளியே போகாது. நீர்ப்பம்பிக் கைநூலை அவர் இப்படித் தொடங்கியிருந்தார்: 'உழவர் பெருமகனே, தங்கள் இல்லம் நாடி வந்திருக்கும் இவ்வியந்திரத்தை வரவேற்பீராக.' பெற்றோல் ஊற்றுகிற இடத்தில் இப்படி: 'பின்னர் மூடியைத் திறந்து பெற்றோலை நிரப்புக. நிரப்பிய பின், இயந்திரம் சூடாக இருந்திருப்பின் இந்நேரம் தீப்பற்றியிருக்கும் என்பதை நினைவிற் கொள்க.'

அந்த இரண்டாவது வசனத்தைத் தூக்கி முன்னால் வைக்க ஸுஹைனாவுக்கு அரைநிமிடம் போதும். சிரித்து முடிக்கத்தான் நேரம் எடுத்தது.

ஆனால் இந்த முறை சிரிப்போடு விட்டுவிடக்கூடிய விஷயமல்ல. கொம்பனியில் இந்த வேலைக்குப் பொறுப்பான விதுர்ஷா தெளிவாகச் சொல்லியிருந்தாள். நீர்ப்பம்பிக் கைநூல் பிசகில்லாமல் போனால் மிச்ச மிசின்கள் எல்லாம் ஸுஹைனாவுக்கே, நிரந்தர வேலையாக. பிசகினால் கொழும்பிலேயே ஆள் பார்த்துக்கொள்வார்கள். ஸுஹைனாவின் கணவன் பாஹிம் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. அவளுக்கு அனுப்ப மனமில்லை. இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லவில்லை என்றாலும், இந்த வேலை நிலைத்தால் போகத்தேவையில்லை என்பது வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

கொம்பனி ஒரு பம்பியைப் பெட்டியோடு அனுப்பி, ஓட்டிப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தது. பாஹிம் அதை முற்றத்துக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனான். முதலில் பம்பிக்குள் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஸுஹைனா கைநூலைப் பார்த்து வாசித்தாள். "எனக்குத் தெரியும்" என்றான் பாஹிம். கயிற்றை இழுத்தான். பம்பி ஊளையிட்டது, தண்ணீர் வரவில்லை, கருகல் மணம் வந்தது. நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் இழுத்தான். குழாயின் மற்ற முனையைக் கட்டிவைக்கச் சொன்னாள். "எனக்குத் தெரியுங்கா, கட்டாரில இதவிடப் பெரிய மிசினெல்லாம் பாத்தவன்" என்றான். தண்ணீர் வந்ததும் கட்டாத குழாய் எழும்பி, முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆயிஷா உம்மா பாயில் பரப்பிக் காயவைத்திருந்த இடியப்ப மாவின் மேல் நிறுத்தி நிதானமாகப் பொழிந்தது. பாயில் மா இருந்த இடத்தில் கூழ் இருந்தது. உம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். மருமகனை ஒன்றும் சொல்லக்கூடாது என்ற மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு, அவன் காதில் விழும்படி பூனையைத் திட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது. பாஹிமின் சூப்பர்வைசர். பம்பி இரைந்துகொண்டிருக்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் போனை அழுத்திக்கொண்டு, யெஸ் சேர், ஓகே சேர் என்று பாஹிம் தலையை ஆட்டினான். ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று பிறகு சொன்னான். விளங்காவிட்டால் ஏன் யெஸ் சொன்னீர்கள் என்று ஸுஹைனா கேட்டதற்கு, பெரிய ஆள் பேசும்போது வேறு என்னத்தைச் சொல்கிறது என்றான். சற்று நேரத்தில் எழுத்தில் வந்தது. லீவு முடியுமுன்னரே திரும்பி வரச் சம்மதித்ததற்கு நன்றியாம். டிக்கட் அடுத்த மாத நடுவுக்குப் போடுகிறார்களாம். வராவிட்டால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லட்டுமாம்.

அன்று மத்தியானம் ஸுஹைனா மேசையில் போய்க் குந்தினாள். கைநூலில் மூன்று இடங்களில் எச்சரிக்கைப் பெட்டி வெறுமையாகக் கிடந்து சிவப்புக் காட்டியது. நல்லரத்தினம் சேர் அந்த இடங்களில் முன்னாலும் எச்சரிக்கவில்லை, பின்னாலும் எச்சரிக்கவில்லை. இப்படியான இடத்தில் என்னத்தையாவது இட்டு நிரப்பி, மஞ்சள் பூசி வைத்துவிட்டு, பிறகு வந்து திருத்துவது அவள் வழக்கம். மற்ற நாளில் 'அஅஅ' என்று போடுவாள். அன்றைக்கு வயிற்றெரிச்சலில் வசனமாகவே வந்தது.

இயந்திரத்தைத் தொடங்குதல் என்பதன் கீழ்: 'எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர் பக்கத்தில் நின்றால், அவரைத் தூரப் போகச் சொல்லிவிட்டுத் தொடங்கவும்.'

குழாய் பொருத்துதல் என்பதன் கீழ்: 'குழாயின் வாய் பார்க்கிற பக்கத்தில் மாமி மா காயவைத்திருந்தால் இயக்க வேண்டாம்.'

இயங்கும்போது கவனிக்கவேண்டியவை என்பதன் கீழ்: 'மிசின் ஓடும்போது வெளிநாட்டு அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம். ஒன்றும் கேட்காது, எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிடுவீர்கள்.'

சிவப்புப் போய்விட்டது. மனமும் கொஞ்சம் ஆறியது. மூன்றுக்கும் மஞ்சள் பூசிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள், பாஹிமுக்கும் சேர்த்து.

அடுத்த நாள் நல்லரத்தினம் சேர் போன் எடுத்தார். அவருக்கு முதலே அனுப்பியிருந்த பெட்டி பெட்டியான கைநூலைத் திறந்து பார்த்தாராம். மீனை வெட்டிக் கூறு போட்ட மாதிரி இருக்கிறதாம், எது தலை எது வால் என்று தெரியவில்லையாம், இதை வாசித்துக் கையெழுத்துப் போட அவரால் ஆகாதாம். "பழையபடி ஒரே ஓட்டமா ஆக்கி அனுப்பு பிள்ள. வாசிச்சுத் திருத்தித் தாறன். பிறகு நீ வெட்டு, கொத்து, என்னவும் செய்." பெட்டிகளைக் கலைத்துக் கட்டுரையாக்க மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. ஸுஹைனா அதை அழுத்தினாள். பெட்டிகள் கரைந்தன, தலைப்புகள் கரைந்தன, எல்லாம் ஒரே பந்தியாக ஓடிவந்து நின்றது. அனுப்புமுன், ஒரு பொறுப்போடு, மஞ்சள் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அனுப்பிவிட்டாள். பெட்டியோடு மஞ்சளும் கரைந்துபோகும் என்பது அந்த நேரம் அவள் தலைக்கு ஏறவில்லை.

சேர் ஒரு கிழமை வைத்திருந்து, எழுத்தெழுத்தாகத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, கொழும்புக்கு ஒரு பிரதியும் ஸுஹைனாவுக்கு ஒரு பிரதியும் அனுப்பினார். கூடவே ஒரு கட்டளை: இனி ஓர் எழுத்தும் மாறக்கூடாது. ஸுஹைனா அதைத் திரும்பவும் பெட்டிகளுக்குள் பிரித்துப் போடத் தொடங்கினாள். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

'யான் அறிவேன் எனச் செப்புவோர் அருகிருப்பின், அன்னாரை அகற்றிய பின்னரே இயந்திரத்தை இயக்குதல் சாலச் சிறந்தது.'

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சுட்டது. பக்கங்களை ஓடவிட்டாள். 'துணைவியின் தாயார் மாவுலர்த்தும் திசையைக் குழாயின் வாய் நோக்காதிருத்தல் வேண்டும்' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. 'அயல்நாட்டு அழைப்பினை இயந்திரம் ஓயுமுன் ஏற்பின், அனைத்துக்கும் ஆம் எனல் நேரிடும்' என்று இன்னொரு பக்கத்தில். மூன்றுக்கும் மனிதர் பட்டு உடுத்தி, மாலையும் போட்டு அனுப்பியிருந்தார். கொழும்புக்கும்.

பாஹிமிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் மூன்றையும் வாசித்தான். முதலாவதை இரண்டு தரம் வாசித்தான். இது யாரைப் பற்றியது என்று கேட்டான். யாரோ ஒரு பொதுவான ஆளைப் பற்றியது என்றாள் அவள். பாஹிம் எழும்பி மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தான். சேரிடம் நேரே போய் உண்மையைச் சொல்லி, கையெழுத்தை மீட்டு, மூன்றையும் எடுத்துவிடவேண்டும். அவ்வளவுதான் வழி. கல்லடிப் பாலம் கடக்கும் மட்டும் பின்னாலிருந்து ஸுஹைனா சொல்லவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். முதலில் எச்சரிக்கை, பிறகு விஷயம்.

சேர் அவளை வாய் திறக்க விடவில்லை. கதிரையைக் காட்டி, மோர் வரவழைத்து, எதிரில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக இத்தனை கைநூல் எழுதியும் தனக்குத் தோன்றாத மூன்று விஷயத்தை அவள் எழுதிவிட்டாள் என்றார். ஸுஹைனா அவை தற்செயலாக வந்தவை என்று தொடங்கினாள். நல்ல எழுத்தெல்லாம் அப்படித்தான் வரும் என்று அவர் அடக்கிவிட்டார். அவை பகிடிக்கு எழுதியவை, எடுத்துவிடவேண்டும் என்று கடைசியில் பச்சையாகவே சொல்லிவிட்டாள்.

நல்லரத்தினம் சேர் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பார் பிள்ள. நம்மட பக்கத்தில மிசின் ஓட்டுறவன் எல்லாரும் பொண்டாட்டி வீட்டிலதானே இருக்கான். மாமி முத்தத்தில இல்லாத வீடு எங்க இருக்கு, சொல்லு பாப்பம். நான் கலியாணம் முடிச்ச புதுசில, புது மிசின் கொண்டுவந்து காட்டுறன் எண்டு, மாமி காயவெச்ச மிளகாய முழுக்கத் தண்ணியால அடிச்சு வாவிக்குள்ள அனுப்பினவன். அவ கண்மூடி மோசம்போகும் மட்டும் என்னோட நேர நிண்டு கதைக்கல்ல."

பாஹிம் தலையைக் குனிந்துகொண்டு மோரைக் குடித்தான். சேர் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குத் தெரியும் எண்டு சொல்லுற ஆள் நீர்தானே?"

"ஓம் சேர்" என்றான் பாஹிம். வேறு என்னத்தைச் சொல்கிறது.

கையெழுத்து மீளவில்லை. வீட்டுக்கு வந்து சேருமுன் விதுர்ஷா அழைத்துவிட்டாள். அவள் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இந்தத் துணைவியின் தாயார் யார் என்று கேட்டாள். பம்பிக் கைநூலுக்குள் ஒரு மாமி ஏன் வருகிறார், அவருக்குப் பாகங்களின் படத்தில் இலக்கம் உண்டா என்று கேட்டாள். இங்கே கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம் என்று ஸுஹைனா விளக்கினாள். அதற்கு விதுர்ஷா, உன்னிச்சை வயற்பக்கத்தில் கமக்காரர் கையில் பம்பியையும் கைநூலையும் கொடுத்துப் பரீட்சை பார்க்க எப்படியும் வரவேண்டியிருக்கிறது, அங்கே பார்ப்போம் என்றாள். அவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தால் அதோடு முடிந்தது என்பதையும் சொல்லிவைத்தாள். மாதம் முடிய அதிக நாள் இருக்கவில்லை.

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வயல் பரந்த ஒரு வட்டை. வாய்க்கால் ஓரத்தில் பம்பியை இறக்கிவைத்து, அதைச் சுற்றிக் கமக்காரர் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். விதுர்ஷா தொப்பி போட்டுக்கொண்டு, வரம்பில் கால் வழுக்காமல் ஒரு பக்கமாக நின்றாள். ஒருவர் கைத்தொலைபேசியில் கைநூலைத் திறந்து உரத்து வாசித்தார். 'யான் அறிவேன் எனச் செப்புவோர்' என்ற இடத்தில் நிறுத்தினார். உடனே எல்லாத் தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியது. அந்தப் பக்கத்தில், கயிற்றைக் கையில் பிடித்தபடி, மதுஷன் என்ற ஆள் நின்றான்.

"என்ன, எல்லாரும் என்னப் பாக்கிறயள். எனக்குத் தெரியும்தானே" என்றான் மதுஷன்.

பிறகு வட்டை முழுக்கச் சிரித்தது. ஸுஹைனா கண்ணை மூடிக்கொண்டாள். கண் திறந்தபோது, இரண்டு பேர் மதுஷனைத் தோளில் பிடித்து, மரியாதையோடு, வரம்பின் மறு கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருந்தார்கள். வேறொருவர் பம்பிக்குள் தண்ணீர் ஊற்றினார். கயிற்றை இழுக்கப்போன நேரத்தில், குழாயின் வாய் பார்த்த பக்கத்திலிருந்து, மதுஷனின் மாமி ஆச்சிப்பிள்ளை சோற்றுப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். விஷயம் என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். சோற்றுப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, குழாய்க்கு நேரே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அதில எழுதிக் கிடக்கு. குழாயத் திருப்பிப்போட்டு ஓட்டுங்க" என்றார்.

திருப்பினார்கள். குழாய் பொருத்துகிற பக்கத்தை இன்னொரு தரம் பார்த்து, இறுக்கிக் கட்டினார்கள். ஒரு துளி சிந்தாமல் தண்ணீர் வயலுக்குள் இறங்கியது. விதுர்ஷா என்னவோ குறித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவைப் பிறகு அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை, ஆயிஷா உம்மாவைத் தவிர. உன்னிச்சைக் கதையைக் கேட்டபிறகு உம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. துணைவியின் தாயார் என்று மொட்டையாகப் போட்டால் யாருக்குத் தெரியும், பேரைப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்.

மாதக் கடைசி நாளன்று விடியவே பேய் மழை. முற்றம் முழுக்க வெள்ளம், குசினிப் படி வரைக்கும். மழை விட்டதும் பாஹிம் பம்பியை இறக்கினான். உள்ளே தண்ணீர் ஊற்றினான். குழாயைத் தூணோடு கட்டினான். மாமி எங்கே என்று பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அன்றைக்கு அவன் சொல்லவில்லை. கயிற்றை இழுத்தான். பம்பி இரையத் தொடங்கியதும் ஸுஹைனாவின் போன் அடித்தது. விதுர்ஷா.

எடுக்காமல் விட அவளுக்கு நெஞ்சுத் துணிவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றாள். பம்பியின் இரைச்சலுக்கு நடுவில் விதுர்ஷாவின் குரல் கொசு மாதிரிக் கேட்டது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். பாஹிம் அவள் கை காட்டுவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினான். கொசு நின்று நின்று கேள்வி கேட்பது போலிருந்தது. பெரிய ஆள் பேசும்போது வேறு என்னத்தைச் சொல்கிறது. "ஓம்" என்றாள். "ஓம், பிரச்சினையில்ல" என்றாள். கடைசியாக, "அவர்தான் ஓட்டுறார், ஓம்" என்றும் சொன்னாள்.

பம்பி ஓய்ந்த பிறகு பாஹிம் கேட்டான், "என்னவாம், என்ன செல்றா?"

"தெரியா" என்றாள் ஸுஹைனா.

அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. உம்மா குசினி வாசலில் வந்து நின்றார். மூவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழுத்தில் வந்தது. எல்லாவற்றுக்கும் உடனேயே சம்மதித்ததற்கு விதுர்ஷா நன்றி சொல்லியிருந்தாள். உன்னிச்சையில் சிரித்தவர்கள் எழுதியிருந்தபடியே செய்ததைத் தான் பார்த்ததாகவும் சொல்லியிருந்தாள். மிச்சக் கைநூல்கள் அத்தனையும் இனி ஸுஹைனாவுக்கு, நிரந்தரமாக. ஒவ்வொன்றையும் பெட்டியாக்கி, நல்லரத்தினம் சேர் வாசிப்பதற்குக் கட்டுரையாக்கி, அவர் திருத்தியதைத் திரும்பவும் பெட்டியாக்கித் தரவும் அவள் சம்மதித்திருந்தாள். சேர் எழுத்து மாற்றக்கூடாது என்றால் மாற்றாமலிருக்கவும் சம்மதித்திருந்தாள். கடைசி வரி இப்படி இருந்தது: ஒவ்வொரு மிசினையும் முதலில் உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம், உங்கள் கணவரே ஓட்டிப் பார்ப்பார் என்று நீங்கள் சொன்னது எங்களுக்கு மிகவும் உதவி, அவர் விடுகிற பிழை எதுவும் எழுதாமல் விடுபடக்கூடாது. கை உழவு மிசின் நாளைக்கு லொறியில் வருகிறது.

பாஹிம் முற்றத்தைத் தாண்டி, சத்தமில்லாத மூலை ஒன்றைத் தேடிப் போய் நின்று, கட்டாருக்கு அழைத்தான். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் அவனுக்கும் கேட்டது, அங்கேயும் கேட்டது. வரமாட்டேன் என்று அவன் சொன்னது அடுத்த வீட்டுக்கும் கேட்டது.

ஆயிஷா உம்மா ஈரப் பாயை உதறி மதிலில் போட்டார். லொறி, உழவு மிசின் என்று மகள் சொன்னதையெல்லாம் நின்று கேட்டார். பிறகு மருமகனையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு மா காயவெக்கிறதா வேணாமா" என்றார். "முதல்லயே செல்லுங்க."